இரண்டு பேர் ஆட்டத்தில் சூனியக்காரி யார்?

கூட்டத்தில் ஒளிந்திருக்கும் கெட்டவனைப் பேசிப் பேசியே கண்டுபிடிக்கும் மாஃபியா, வேர்வுல்ஃப் மாதிரி ஆட்டங்களை எல்லாரும் கொண்டாடுகிறார்கள், எனக்கு அது ஒட்டவே இல்லை. மாஃபியா 1986-ல் மாஸ்கோவில் டேவிடோஃப் என்ற உளவியல் மாணவர் தொடங்கி வைத்தது, நல்ல மூளைதான். ஆனால் பத்து பேர் வட்டமாக உட்கார்ந்து "நீதான்டா, உன் முழியே சரியில்லை" என்று கத்தும் இடத்தில் குரல் பெருத்தவர்தான் ஜெயிப்பார், ஓரமாக இருக்கும் அமைதியான ஆள் முதல் ரவுண்டிலேயே காலி.

என் கட்சி இரண்டு பேர் ஆட்டம். அதில் அடிப்படையிலேயே ஒரு சிக்கல் உண்டு. ராஜா ராணி திருடன் போலீஸ் சீட்டைக் குலுக்கிப் போட்டு ஆடாதவர்கள் நம்மில் யார்? அதையே இரண்டு பேர், இரண்டு சீட்டு என்று ஆடினால், கையில் போலீஸ் வந்ததும் எதிரில் இருப்பவன் திருடன், கதை முடிந்தது. அதனால் பிரித்துக் கொடுத்தது போக யாருக்கும் தெரியாத சீட்டு கொஞ்சம் மிஞ்ச வேண்டும். லவ் லெட்டர் என்ற சீட்டாட்டத்தின் முதல் பதிப்பில் மொத்தமே 16 அட்டை. ஒன்றை யாரும் பார்க்காமல் கவிழ்த்து ஒதுக்கிவிடுவார்கள், இருவர் மட்டும் ஆடினால் இன்னும் மூன்றைத் திறந்து வைத்துவிடுவார்கள். கவிழ்ந்து கிடக்கும் அந்த ஒன்று கடைசி வரை உயிரை வாங்கும்.

சூனியக்காரி தீம் வரும்போது எனக்கு இன்னொன்றும் வேண்டும். "சூனியக்காரியைக் கண்டுபிடி" என்று சொல்லும்போதே அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று ஒப்புக்கொண்டாயிற்று. 1692-ல் சேலத்தில் (நம்ம சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம்) நடந்ததும் இதுதானே. 19 பேரைத் தூக்கில் போட்டார்கள், ஜைல்ஸ் கோரி என்ற கிழவரைக் கல் ஏற்றி நசுக்கியே கொன்றார்கள். "ஆமாம், நான் சூனியக்காரிதான்" என்று ஒத்துக்கொண்டவர்கள் பிழைத்தார்கள், தூக்கில் தொங்கியவர்கள் இல்லை என்று நின்றவர்கள். எவ்வளவு கோணலான விதி பாருங்கள்! அங்கே வரை போவானேன், இதைத் தடுக்க ஜார்க்கண்டில் 2001-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. சூனியக்காரி என்று முத்திரை குத்தி அடித்து விரட்டப்பட்ட சுட்னி மஹதோ, பிறகு அதே கொடுமையை எதிர்த்து நின்று 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினார். நம்ம ஊர் எலக்ட்ரிக் ட்ரெயினில் பில்லி சூனியம் எடுக்கும் நோட்டீஸ் இன்னும் ஒட்டியிருக்கிறது, அதனால் நாம் ரொம்பவும் அலட்டிக்கொள்ள வேண்டாம்.

ஆகவே என் கணக்கில், "இங்கே சூனியக்காரியே இல்லை" என்று சொல்லியும் ஜெயிக்க முடிந்தால்தான் அது நல்ல ஆட்டம்.

பெரம்பூர் வீட்டு மொட்டை மாடியில் நானும் தங்கையும் அப்படி ஒன்றை ஆடுகிறோம். பழைய விசிட்டிங் கார்டு எட்டு, பின்பக்கம் ஸ்கெட்ச் பேனா. இரண்டில் சூனியக்காரி, ஆறில் ஊர்க்காரர். ஆளுக்கு ஒன்று, மீதி ஆறு நடுவில் கவிழ்த்து. ஒவ்வொரு முறையும் நடுவில் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு என்ன பார்த்தேன் என்று சொல்ல வேண்டும், பொய் சொல்லலாம். எப்போது வேண்டுமானாலும் எதிராளி சூனியக்காரி, அல்லது இல்லை, என்று தீர்ப்புச் சொல்லலாம். தப்பினால் தோல்வி. என் கையில் சூனியக்காரி இருந்தால், நடுவில் ஊர்க்காரரைப் பார்த்துவிட்டு "ஐயோ, சூனியக்காரி" என்பேன், அவள் நம்பினால் என் மேல் சந்தேகம் குறையும். நம்பவில்லை என்றால் அதே அட்டையைத் திரும்பப் பார்க்க ஒரு முறையைச் செலவழிக்க வேண்டும். அவள் முகத்தில் ஒன்றும் தெரியாது, ராட்சசி, ஆனால் பொய் சொல்லும்போது மட்டும் அட்டையை எடுத்த இடத்திலேயே ஓரம் சேர்த்து அவ்வளவு ஒழுங்காக வைப்பாள். இதைப் படித்தால் நிறுத்திவிடுவாள், பரவாயில்லை.

செய்து பார்ப்பவர்கள் சூனியக்காரியை ஒன்றாகக் குறைத்துவிடாதீர்கள். அது உங்கள் கைக்கு வந்தாலும் சரி, நடுவில் கண்ணில் பட்டாலும் சரி, எதிராளி அப்பாவி என்று அந்த நொடியே தெரிந்துவிடும், அப்புறம் பொய் சொல்ல யாருக்கும் நேரமே இருக்காது.