ஐம்பது வயது ஆன காரை உடைக்க வேண்டியதில்லை

“ஐம்பது வருடம் ஆன காரைக் கட்டாயம் உடைக்கணும், கிருஷ்ணகிரியில் பழைய கார் சங்கம் எதற்கு?” என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது தவறுங்க. 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம் இதற்கு நேர் எதிரானது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, அசல் வடிவம் மாறாமல் இருக்கும் சொந்த உபயோகக் கார், பைக் எல்லாம் ‘விண்டேஜ்’ வாகனம். அதற்கென ‘விஏ’ எழுத்துள்ள தனிப் பதிவெண்ணே உண்டு. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் கவனம்: விண்டேஜ் ஆகப் பதிந்தபின் தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. கண்காட்சி, பழைய கார் பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு இவற்றுக்கு எடுக்கலாம். அப்புறம், சேஸிஸையும் (அடிச்சட்டம்) பாடியையும் எஞ்சினையும் பெரிதாக மாற்றினால் தகுதி போய்விடும். வீட்டில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, ஃபியட் மாதிரி பழைய கார் இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.