பொறியாளர் வாரியப் பதிவு கட்டாயமா?
அண்ணே, சாஃப்ட்வேர் எஞ்சினியர் ஆக மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவு வேண்டும், டிப்ளோமாக்காரருக்கு வழியே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பதிவு, கட்டடம், மின்சாரம் போன்ற திட்டங்களுக்குக் கையெழுத்திட்டுப் பெயருக்கு முன் ‘இர்.’ என்ற தொழில்முறைப் பொறியாளர் பட்டம் போடுகிறவர்களுக்கு. கோடிங் வேலைக்கு அதை யாரும் கேட்பதில்லை.

நானே டிப்ளோமாதான். பினாங்கு பாயான் லெப்பாஸில் முதல் நேர்காணலில், நான் எழுதிய கோட் இருக்கும் கிட்ஹப் இணையப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, ‘இந்த வரியை ஏன் அழித்தீர்கள்?’ என்று அரை மணி நேரம் குடைந்தார்கள். சான்றிதழ் ஃபைல் மடியிலேயே கிடந்தது. சரி, டிகிரி கேட்கும் நிறுவனங்களும் உண்டு. டிப்ளோமா முடித்து, அப்புறம் சில பாடங்களில் விலக்கு வாங்கி டிகிரிக்குப் போகலாம். சன்வேயில் இருக்கும் ‘42 கோலாலம்பூர்’ கோடிங் பள்ளியில் கட்டணமும் இல்லை, டிகிரியும் கேட்பதில்லை. நான்கு வார நுழைவுச் சோதனையில் தாக்குப்பிடிப்பதுதான் கஷ்டம்.