ஓடுகிற கணினியை என்ன செய்வது?

வீட்டுக் கணினி 2017-இல் வாங்கியது. இன்டெல் ஏழாம் தலைமுறைச் செயலி, 8 ஜிபி ராம். எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் போட்ட பிறகு, பொத்தானை அழுத்திவிட்டுக் காபியை ஒரு ஆற்று ஆற்றுவதற்குள் திரை வந்துவிடுகிறது. அப்பா கணக்கு எழுதுவது இதில்தான்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. சரி, 11-க்கு மாறலாம் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய், விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியை இயக்கியும் பார்த்தேன். அப்போதும் தகுதியில்லை என்ற அதே பதில். எரிச்சலாக வருகிறது! குறுக்குவழியில் ஏற்றலாம்தான், நாளைக்குப் புதுப்பிப்பு நின்றுபோனால் யாரைக் கேட்பது? விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டில் அப்பாவின் கணக்கு மென்பொருள் ஓடுமா என்று தெரிய வேண்டும். எந்தக் குறையுமில்லாத பெட்டியைக் காயலான் கடைக்குத் தூக்கிப்போட எனக்கு மனசே வரவில்லை.