ஹார்மோனைக் காட்டிக் கர்ப்பிணிகளைப் பயமுறுத்தாதீர்கள்

கர்ப்பகால ஹார்மோன்கள் என்றதும் சினைப்பையும் நஞ்சுக்கொடியும்தான் நினைவுக்கு வரும். குடல் பாக்டீரியாக்களுக்கும் அதில் கை உண்டு.

ஒரு காலத்தில் கர்ப்பிணியின் சிறுநீரில் எஸ்ட்ரியால் என்ற ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துத்தான் நஞ்சுக்கொடி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கணிப்பார்கள். அளவு சரிந்தால் குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதற்றம்தான். 1970களின் தொடக்கத்தில் பின்லாந்து ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடும் கர்ப்பிணிகளுக்கும் அந்த அளவு சரிகிறது! காரணம் குடலில் இருந்தது. கல்லீரல் எஸ்ட்ரியாலோடு குளுக்குரோனிக் அமிலத்தை ஒட்டி, பித்தநீர் வழியாகக் குடலுக்குத் தள்ளிவிடும். அங்கே பாக்டீரியாவின் பீட்டா குளுக்குரோனிடேஸ் என்ற நொதி அந்த ஒட்டைப் பிரித்துவிட்டால், ஹார்மோன் திரும்ப உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்கு வரும், அப்புறம் சிறுநீரில் போகும். ஆன்டிபயாடிக்கால் பாக்டீரியா குறைந்ததும் ஹார்மோன் மலத்தோடு போய்விடுகிறது. அவ்வளவுதான்.

2024இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். கோர்டோனிபாக்டர், எக்கர்தெல்லா என்ற குடல் பாக்டீரியாக்கள் பித்தநீரில் வரும் ஸ்டீராய்டுகளை புரோஜெஸ்டின்களாக, அதாவது புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன்களாக, மாற்றுகின்றன. அவற்றில் ஒன்று அலோபிரெக்னனோலோன். 2019இல் அமெரிக்காவில் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு அனுமதி பெற்ற மருந்தும் அதே மூலக்கூறுதான். அதை 60 மணி நேரம் நரம்பில் ஏற்றினார்கள். கர்ப்பிணிகளின் மலத்தில் இந்தப் புரோஜெஸ்டின்கள் மற்ற பெண்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தன. ஆனால் குடலில் உருவானது தாயின் மனநிலையை மாற்றுகிறது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை.

அந்த இடைவெளியில்தான் கடை விரிக்கிறார்கள். "ஆன்டிபயாடிக் ஹார்மோனைக் கெடுத்துவிடும், நிறுத்து" என்று ஒரு ரீல், அடுத்ததில் புரோபயாடிக் கேப்ஸ்யூல் விற்பனை. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. கர்ப்பத்தில் ஆன்டிபயாடிக் கொடுக்க ஒரு காரணம் சிறுநீர்த் தொற்று. அதைச் சும்மா விடக்கூடாது. எரிச்சலே இல்லாமல்கூடத் தொற்று இருக்கும், அதற்காகத்தான் யூரின் கல்ச்சர் எடுக்கச் சொல்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்துக்கு ஏறலாம், குறைமாதப் பிரசவத்தில் கொண்டுபோய் விடலாம். யாரோ சொன்னார்கள் என்று பாதிக் கோர்ஸில் மாத்திரையை நிறுத்துபவளுக்கு அந்த ரீல்காரரா பொறுப்பேற்பார்?

டாக்டர்களிடமும் ஒரு வேண்டுகோள். சீட்டு எழுதும்போதே இந்த மாத்திரை எதற்கு, எத்தனை நாள், ஏன் பாதியில் விடக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். வாசலில் கூட்டம் நிற்பது தெரியும். ஆனாலும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாததைத்தான் அவள் ராத்திரி போனில் தேடுகிறாள்.