எதை விட?

பற்பசையோ பேட்டரியோ, எதை எடுத்தாலும் 'முன்பை விட 40 சதவீதம் கூடுதல்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். எந்த முன்பை விட? பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். பெட்டியைத் திருப்பிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், 'எங்கள் பழைய தயாரிப்புடன் ஒப்பிடுகையில்' என்று பொடி எழுத்து. அந்தப் பழையது என்ன லட்சணத்தில் இருந்ததோ, யாருக்குத் தெரியும்?

அலுவலக அறிக்கைகள் இன்னும் மோசம். 100-லிருந்து 50-க்கு விழுந்த விற்பனை 75-க்கு ஏறினால் '50 சதவீத வளர்ச்சி' என்று கைதட்டல். கணக்கு சரிதான். பள்ளத்தில் நின்றுகொண்டு அளந்ததைத்தான் சொல்ல மாட்டார்கள்.

புவி வெப்பம் 1.5 டிகிரி என்று விஞ்ஞானிகள் பேசும்போது, 1850 முதல் 1900 வரையிலான சராசரிக்கு மேல் என்று தெளிவாகச் சொல்கிறார்கள். செய்தியாக வரும்போது பாதி நேரம் அந்த வரிதான் காணாமல் போகிறது.

அப்புறம், 20 டிகிரி 40 ஆனால் 'வெப்பம் இரு மடங்கு' என்று ஒரு கூட்டம். செல்சியஸில் பூஜ்யம் என்பது தண்ணீர் உறையும் இடம் ஐயா, வெப்பமே இல்லாத இடம் அல்ல!