ஒரு ஸ்ட்ராவுக்கு 20 நாள் வாய்தா

2020 நவம்பர் 6. ஸ்டேன் சுவாமியின் வக்கீல்கள் மும்பை சிறப்பு நீதிமன்றத்தில் ஒரு மனு போட்டார்கள். அவருக்கு 83 வயது, பார்க்கின்சன் நோய். கை நடுங்கும், டம்ளரைப் பிடித்துக் குடிக்க முடியாது. கைதின்போது எடுத்துக்கொண்ட ஸ்ட்ராவையும் சிப்பரையும் திருப்பித் தரவேண்டும் என்பதுதான் கோரிக்கை. பதில் சொல்ல, அவரைக் கைது செய்த என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை) 20 நாள் கேட்டது. நீதிமன்றமும் கொடுத்தது. 26ஆம் தேதி வந்து, நாங்கள் எடுக்கவே இல்லை என்றார்கள். இதைச் சொல்ல 20 நாள்!

நம் திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்டுக்குப் போன பாதிரியார் அவர். அங்கே பழங்குடி இளைஞர்கள் விசாரணைக் கைதிகளாக ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடப்பதை ஆராய்ந்து உயர் நீதிமன்றம் வரை போனவர். கடைசியில் அவரே விசாரணைக் கைதியாக 2021 ஜூலை 5 அன்று இறந்தார். விசாரணை தொடங்கவே இல்லை.

நாட்டில் உரிமைகள் தேய்கின்றன என்று யாராவது சொன்னால், “தேர்தல் ஒழுங்காத்தானே நடக்குது?” என்று உடனே கேட்கிறோம். நடக்கிறதுதான். ஸ்டேன் விஷயத்திலும் மனு, வாய்தா, பதில் மனு எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தன. ஒழுங்காக நடந்தே ஒரு கிழவரைத் தண்ணீருக்குத் தவிக்கவிட முடிந்தது என்பதுதான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இதற்கு வழி செய்வது, அவர் மீது பாய்ந்த உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டத்தின் 43டி(5) பிரிவு. குற்றச்சாட்டு மேலோட்டமாகப் பார்த்தால் உண்மைபோல இருக்கிறது என்று நீதிபதி கருதினாலே போதும், ஜாமீன் கிடையாது. தீர்ப்புக்கு முன்பே தண்டனை அனுபவித்துவிடலாம். இதை பா.ஜ.க. கொண்டுவந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. இல்லை. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008 டிசம்பரில் காங்கிரஸ் அரசு கொண்டுவந்த திருத்தம் அது. அந்த அமைச்சரவையில் தி.மு.க.வும் இருந்தது. எமர்ஜென்சியில் விசாரணையில்லாமல் சிறையில் அடைத்த மிசா சட்டத்தில் அடிவாங்கிய கட்சி! கூடங்குளம் போராட்டத்தில் இடிந்தகரை மக்கள் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கு பாய்ந்தபோது கோட்டையில் அ.தி.மு.க. இருந்தது. ஆக, உங்கள் கட்சி எதுவானாலும் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள்.

2019இல் இன்னொரு திருத்தம் வந்தது. அமைப்புகளை மட்டுமல்ல, தனி ஆளையும் பயங்கரவாதி என்று அரசே அறிவிக்கலாம். கோர்ட் தீர்ப்பு தேவையில்லை.

சரி, நாம் என்ன செய்ய முடியும்? 1976இல் எமர்ஜென்சி நேரத்தில், அடைத்துவைத்தவரைக் கோர்ட்டில் நிறுத்தச் சொல்லும் ஆள்கொணர்வு மனு போடும் உரிமைகூட இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் தீர்ப்பெழுதினார்கள். எச்.ஆர். கன்னா மட்டும் மாற்றி எழுதினார். தலைமை நீதிபதி ஆகியிருக்க வேண்டியவர். மறு வருடமே அவரைத் தாண்டி ஜூனியருக்குப் பதவி போனது, அவர் ராஜினாமா செய்தார். 2017இல்தான் உச்ச நீதிமன்றம் அந்தப் பழைய தீர்ப்பைத் தவறு என்று தூக்கிப்போட்டது. 41 வருஷம்! அன்று அவரும் ஐந்தாவதாகக் கையெழுத்துப் போட்டிருந்தால், பின்னால் வந்தவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு வரிகூட இருந்திருக்காது.

நாமெல்லாம் கன்னா இல்லை, வேலையும் வீட்டுக் கடனும் இருக்கிறது. எல்லோரும் ஜெயிலுக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை, நானும் போகப்போவதில்லை. ஆனால் அந்த ஸ்ட்ரா செய்தி வெளியானபோது, முகம் தெரியாத பலர் ஸ்ட்ராவும் சிப்பரும் வாங்கி அவர் இருந்த தலோஜா சிறைக்குப் பார்சல் அனுப்பினார்கள். அதற்குச் சில நூறு ரூபாய் ஆகியிருக்கும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் “அவன் நக்சல், கிடக்கட்டும்” என்று சித்தப்பா போடும்போது, “கேஸ் நடந்துச்சா சித்தப்பா?” என்று கேட்க அதுகூட ஆகாது. முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான்.

அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் ரோடு, தண்ணீர் எல்லாம் கேளுங்கள். கூடவே, 43டி(5)ஐ நீக்க உங்கள் கட்சி ஓட்டுப் போடுமா என்றும் கேளுங்கள். எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் இதே கேள்விதான்.