ஏ.பி.கே.க்குத் தடையா? அப்படி இல்லை

"2026 செப்டம்பரிலிருந்து இந்தியாவில் பிளே ஸ்டோர் தவிர வேறு எங்கிருந்தும் ஆப் போட முடியாது, ஏ.பி.கே. கதை முடிஞ்சுது"ன்னு மேலே ஒரு அண்ணன் போட்டிருக்கார். ரெண்டுமே தப்புங்க. (ஏ.பி.கே.ன்னா ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோர் இல்லாமலும் ஆப் போட உதவும் கோப்பு.)

கூகுள் 2025 ஆகஸ்ட்டில் அறிவித்தது வேறு. ஆப்பை எழுதியவர் தன் பெயர், முகவரி, அடையாளச் சான்று எல்லாம் கொடுத்துக் கூகுளிடம் பதிவு செய்திருந்தால்தான் அந்த ஆப் ஆண்ட்ராய்டு போனில் ஏறும். அவர் ஆப்பை எந்தத் தளத்தில் வைத்தாலும் சரி. 2026 செப்டம்பரில் முதலில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து மட்டும்தான். நம்ம ஊருக்கெல்லாம் 2027-லோ அதுக்குப் பிறகோதான்.

அதுக்காக "பாதுகாப்புக்குத்தானே, என்ன போச்சு"ன்னு கீழே சிலர் சொல்வதையும் ஏத்துக்க முடியல. இலவச, திறந்த மூல ஆப்புகளைத் தரும் எஃப்-டிராய்டு தளத்தை எடுத்துக்குங்க. அவங்க ஆப்பின் மூல நிரலை வாங்கி, தாங்களே அதை ஆப்பா உருவாக்கி, பெரும்பாலான ஆப்புகளுக்குத் தங்கள் டிஜிட்டல் சாவியாலேயே (ஆப் யார்கிட்டேருந்து வருதுன்னு காட்டும் முத்திரை மாதிரி) கையெழுத்து போடுறாங்க. புதிய விதியோ ஒவ்வொரு ஆப்பின் பேக்கேஜ் பெயரையும் (போன் ஆப்பை அடையாளம் காணும் தனிப்பெயர்) கையெழுத்துச் சாவியையும் பதிவு செய்த ஒருவரோடு கட்டிப்போடுது. யாரோ எழுதிய ஆப்புக்கு எஃப்-டிராய்டு எப்படி உரிமை கொண்டாடும்? இந்த விதி வந்தா எங்க கதை முடிஞ்சுதுன்னு அவங்களே வெளிப்படையா எழுதினாங்க. சொந்தப் பெயரைச் சொல்லப் பயப்படும் டெவலப்பர்கள் நிலைமை இன்னும் மோசம்.

எதிர்ப்பு கிளம்பினதும் கூகுள் கொஞ்சம் இறங்கி வந்தது. விவரம் தெரிஞ்சவங்க எச்சரிக்கைகளைத் தாண்டி, பதிவில்லாத ஆப்பையும் போட்டுக்க வழி விடுவோம்னு 2025 நவம்பரில் சொன்னாங்க. கம்ப்யூட்டரில் கேபிள் மாட்டி ஏ.டி.பி. என்கிற டெவலப்பர் கருவி வழியா ஏத்துறதுக்கும் தடை இல்லை. கூகுள் சான்று இல்லாத (கூகுளின் ஆப்புகள் முறைப்படி சேர்த்து வராத) ஆண்ட்ராய்டு போன்களுக்கு இந்த விதியே கிடையாது.